சிவகோசரியார் ஒளிந்து நின்று பார்த்தது

"எனக்கு உடம்பே கூசிப்போச்சு டீச்சர்" என்று அந்தப் பெண் சொன்னபோது அதில் பாசாங்கு இல்லை. முழங்கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே சொன்னார். இரண்டு பையன்கள் முத்தமிட்டுக்கொள்ளும் காட்சி அப்போதுதான் சுவரில் ஓடி முடிந்திருந்தது. கூடத்தில் இருந்த மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. ஒருவர் குக்கரைப் பார்க்கிறேன் என்று எழுந்து போனார். அடுப்பில் குக்கர் வைத்திருக்கவே இல்லை.

அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அது உண்மையான கூச்சம். நான் அதைக் கேலி செய்யப் போவதில்லை. ஆனால் அது எதற்குச் சாட்சி என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஒன்றைப் பார்த்து என் உடம்பு கூசினால், அது பாவம் என்று ஆகிவிடுமா? சமயம் படிக்கிற கூட்டத்தில் இந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் எல்லாத் தீர்ப்புக்கும் அடியில் இதுதான் கிடக்கிறது.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்கு இந்தப் பக்கம் வீடு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அக்கம்பக்கத்துப் பெண்களும் திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களுமாகச் சேர்ந்து பெரியபுராணம் படிக்கிறோம். படித்து முடித்து, சுண்டல் சாப்பிட்டு, எப்போதாவது ஒரு படமும் பார்ப்போம். 'திருவிளையாடல்', 'காரைக்கால் அம்மையார்' என்றுதான் தொடங்கினோம். டொராண்டோவிலிருந்து லீவில் வந்த என் தங்கை மகன் மடிக்கணினியில் 'ஃபன்னி பாய்' வைத்திருந்தான். ஈழத்துக் கதை, நாவலிலிருந்து எடுத்தது என்றான். வேறு எதையும் அவன் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டான் என்று நினைக்கிறேன்.

நாவல் 1994இல் வந்தது. எழுதியவர் ஷியாம் செல்வதுரை. கொழும்பில் பிறந்தவர், தந்தை தமிழர், தாய் சிங்களவர். 1983 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கனடா போய்ச் சேர்ந்தார். அர்ஜி என்ற தமிழ்ச் சிறுவன் தன்பால் ஈர்ப்போடு வளர்வதும், கொழும்புத் தமிழர்களின் வாழ்க்கை அடுத்தடுத்து நெருக்கப்பட்டுக் கடைசியில் எரிவதும் ஆறு கதைகளாக அதில் பின்னிக் கிடக்கின்றன. தீபா மேத்தா அதைப் படமாக்கினார். இலங்கையிலேயே எடுத்தார்கள். 2020 டிசம்பரில் கனடாவின் சிபிசி தொலைக்காட்சியிலும் பிறகு நெட்ஃபிளிக்ஸிலும் வந்தது. திரைக்கதையை மேத்தாவும் செல்வதுரையும் சேர்ந்து எழுதினார்கள். தழுவல் திரைக்கதைக்கான கனடா நாட்டு விருதும் அவர்களுக்குக் கிடைத்தது.

படத்தில் முதலில் சிறுவன் அர்ஜி பெண்பிள்ளைகளோடு சேர்ந்து கல்யாண விளையாட்டு விளையாடுகிறான். அவன்தான் மணப்பெண். சேலை, நகை, தலையில் முக்காடு. எங்கள் கூடம் சிரித்துத் தீர்த்தது. அன்பான சிரிப்பு. நம் வீடுகளில் இது இல்லாமலா? மூன்று வயதுப் பையனுக்கு முடி இறக்குவதற்கு முன்னால் ஜடை பின்னி, குஞ்சலம் கட்டி, பாவாடை உடுத்தி, ஸ்டுடியோவில் நிற்கவைத்துப் படம் எடுக்காத தாய் உண்டா? அந்தப் படங்கள் பீரோவில் பத்திரமாக இருக்கும். பையனுக்குப் பெண் பார்த்தபின் வருகிற மருமகளிடம் எடுத்துக் காட்டிச் சிரிப்போம். ஒருவர் தன் மூத்த மகனின் அப்படிப்பட்ட படத்தைச் செல்போனில் தேடி எடுத்து அங்கேயே சுற்றுக்கு விட்டார்.

சிறுவனாக நடித்தவர் அருஷ் நந்த். வளர்ந்த அர்ஜியாக பிராண்டன் இங்கிராம். முதல் நடிகருக்குச் சிரித்த அதே பெண்கள்தான் இரண்டாவது நடிகரைக் கண்டு கூசினார்கள். ஒரே பிள்ளை, வயதுதான் ஏறியிருக்கிறது. கதைக்குள்ளும் இதுதான் நடக்கிறது. நாவலில், சேலை கட்டிய பையனை அத்தை ஒருத்தி பெரியவர்கள் நடுவில் இழுத்து வந்து நிறுத்துகிறாள். ஒரு மாமா கேலி செய்கிறார். தாயும் தகப்பனும் சிரிக்க முடியாமல் தவிக்கிறார்கள். அன்றோடு அவனுக்குப் பெண்பிள்ளைகளோடு விளையாட்டு கிடையாது. பிறகு ஆம்பளையாக ஆகட்டும் என்று தகப்பன் அவனை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார். அங்கேதான் ஷெஹான் என்ற சிங்களப் பையன் அவனுக்குக் கிடைக்கிறான். தகப்பன் போட்ட கணக்கு இப்படி முடிந்ததற்கு மட்டும் எங்கள் கூடத்தில் இரண்டாவது முறை சிரிப்பு வந்தது.

தொல்காப்பியர் இருந்திருந்தால் எங்கள் கூடத்தில் நிறைய வேலை இருந்திருக்கும். மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன் காட்டுகிறார். நகைக்கு முதல் காரணமாக எள்ளலை வைத்தவர், இளிவரலுக்கு, அதாவது அருவருப்புக்கு, என்ன காரணம் சொல்கிறார் என்று பாருங்கள்: முதுமை, நோய், துன்பம், எளிமை. காதலர் கூடுவதை இளிவரலில் சேர்க்கவில்லை; அதை உவகையில் வைத்திருக்கிறார். அவர் மனத்தில் இருந்தது ஆணும் பெண்ணும்தான். அதை மறைத்துப் பேச நான் வக்கீல் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. எதைக் கண்டு உடம்பு சுருங்க வேண்டும் என்பதற்கு இலக்கணம் வகுத்தவரே மூப்பையும் பிணியையும் காட்டுகிறார் என்றால், இளிவரல் என்பது பாவத்தைக் கண்டுபிடிக்கிற கருவியாக அவர் கையில் இல்லை. கிழவனாவது பாவமா என்ன?

அன்று பேச்சு முத்தத்தைப் பற்றிப் போகவில்லை. தமிழைப் பற்றிப் போனது. எங்களோடு யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் படிக்கிறார். செங்கல்பட்டில் முன்பு இருந்த சிறப்பு முகாமில் உறவினர் ஒருவரை வைத்திருந்த காலத்தில், அவரைப் பார்க்க வந்து வந்து இந்த ஊரிலேயே தங்கிவிட்டவர். படம் முடிந்ததும் அவர்தான் முதலில் வாய் திறந்தார்: "உவை கதைக்கிறது எங்கட தமிழே இல்லை. ஒரு வீட்டுக்குள்ள இருக்கிற ஆக்கள் மாதிரியும் தெரியேல்லை." அதற்குப் பிறகு அரை மணி நேரம் எல்லோரும் உச்சரிப்பைப் பற்றியே பேசினோம். எங்களுக்கெல்லாம் எவ்வளவு நிம்மதி!

அக்கா சொன்னதில் தவறில்லை. அதே குறையைத்தான் புலம்பெயர்ந்த தமிழர்களும் சொன்னார்கள். தமிழ்க் குடும்பத்தின் முக்கியமான பாத்திரங்களில் பலவற்றுக்குத் தமிழர் அல்லாதவர்களை நடிக்கவைத்தார்கள். பேசின தமிழ் தட்டுத்தடுமாறியது. படம் வெளிவருவதற்கு முன்பே, 2020 நவம்பரில், புறக்கணிக்கச் சொல்லிக் குரல் எழுந்தது. மொழிக்காகவும் இனத்துக்காகவும் வீடு எரிக்கப்பட்டவர்களின் கதையில் அந்த மொழியே கால் இடறி விழுந்தால், பார்க்கிறவனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? கனடா இதை அயல்மொழிப் படமாக ஆஸ்கருக்கு அனுப்ப, ஆங்கிலம் பாதிக்கு மேல் இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். அந்தச் செய்தியைத் தங்கை மகன் சொன்னபோது அக்கா, "அப்ப அவைக்கும் விளங்கியிருக்கு" என்றார்.

மொழிக் குறையைச் சொன்னவர்கள் எல்லாரும் உள்ளுக்குள் வேறொன்றை மறைத்தார்கள் என்றும் முடிவு கட்ட முடியாது. டொராண்டோவில் அப்படிக் குறை சொன்னவர்களில் தன்பால் ஈர்ப்புள்ள தமிழர்களும் இருந்தார்கள். தங்கள் கதை என்று வந்த ஒரே படமும் இப்படி வந்ததே என்ற ஆத்திரம் அவர்களுக்கு. டொராண்டோவுக்கு நான் தீர்ப்பு எழுதவில்லை. என் கூடத்தில் நடந்தது எனக்குத் தெரியும். அங்கே தமிழைப் பற்றிப் பேசியது, மற்றதைப் பேசாமல் இருப்பதற்கு வசதியாக இருந்தது.

தீபா மேத்தாவுக்கு இது புதிதல்ல. இஸ்மத் சுக்தாய் 1942இல் வெளியிட்ட 'லிஹாஃப்' கதையிலிருந்து வித்து எடுத்து அவர் செய்த 'ஃபயர்' படத்துக்காக 1998 டிசம்பரில் மும்பையிலும் டெல்லியிலும் திரையரங்குகளை உடைத்தார்கள். அந்தக் கதைக்காகச் சுக்தாயும் லாகூர் கோர்ட்டில் நின்றவர்தான். 'ஃபயர்' படத்தில் காதலிக்கிற இரண்டு பெண்களின் பெயர் ராதா, சீதா. தெய்வங்களின் பெயரை வைக்கலாமா என்பதே பெரிய புகாராக இருந்தது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்குத் தோன்றியது இன்னும் மாறவில்லை: கண்ணாடியை உடைத்தவர்களும், எதிர்த்துப் பதில் சொன்னவர்களில் பாதிப் பேரும், ஒரே இடத்துக்குத்தான் சாட்சி தேடிப் போனார்கள். புராணத்துக்கு.

இங்கேயும் அதுதான். என் வீட்டுக்காரரின் அண்ணன், கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், விஷயம் காதில் விழுந்ததும் சமாதானப்படுத்த வந்தார். "என்னம்மா இது, நம்ம மதத்துல இல்லாததா? மாமல்லபுரத்துல போய்ப் பாரு, அர்த்தநாரி நிக்கறாரு. வெள்ளைக்காரன் வந்துதான் நம்மளைக் கெடுத்தான்." இந்தப் பேச்சை நல்ல மனதோடு சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். தன்பால் உறவைக் குற்றமாக்கிய 1860இன் 377ஆம் பிரிவு வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, உண்மை. அதன் வலுவை உச்ச நீதிமன்றம் நீக்கியது 2018 செப்டம்பர் 6இல். இலங்கையில் அதே வழியில் வந்த 365, 365அ பிரிவுகள் சட்டப் புத்தகத்தில் இன்னும் உட்கார்ந்திருக்கின்றன. இதெல்லாம் சரி. ஆனால் அர்த்தநாரி?

மாமல்லபுரத்துக்குப் போகும்போதெல்லாம் நான் தர்மராஜ ரதத்தைச் சுற்றாமல் வருவதில்லை. கீழ்த்தளத்து மூலைகளில் ஒன்றில் அர்த்தநாரி, இன்னொன்றில் அரிகரன். அர்த்தநாரியின் ஒரு பக்கத்து இடுப்பு வளைவை அந்தச் சிற்பி எப்படித்தான் ஒரே கல்லில் மறுபக்கத்து நிமிர்வோடு இணைத்தானோ! ஆனால் அங்கே நிற்பது யார்? கணவனும் மனைவியும். ஆணும் பெண்ணும் ஒருவரை விட்டு ஒருவர் பிரியாத இல்லறத்தின் எல்லை அது. இரண்டு ஆண்களின் காதலுக்கு அதைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், அந்தக் கல் எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிவிடும். மோகினியும் அப்படித்தான்: திருமால் பெண்ணாக ஆனபிறகுதான் சிவன் பின்னால் போகிறார். கடல்மல்லைத் தலசயனத்தைப் பாடிய திருமங்கையாழ்வார் பரகாலநாயகியாகி உருகுகிறார். ஆண் ஆணை நாடுவதாக அமையாமல், பாடுகிறவர் பெண்ணாகிவிடுகிறார். நாயகி பாவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை; அதில் தோய்ந்து கிடந்தவள்தான். ஆனாலும் அது ஒருவருடைய வாழ்க்கைக்கு யாரோ எழுதிக்கொடுத்த அனுமதிச் சீட்டு கிடையாது. (அதே ரதத்தில் பல்லவ அரசன் தனக்கு 'அத்யந்தகாமன்', எல்லையில்லாத ஆசையுடையவன் என்று பெயர் வெட்டி வைத்திருக்கிறான். அதைக் கண்டு யாரும் கூசுவதில்லை.)

கல்லில் சாட்சி தேடுவதில் இன்னொரு கேடும் உண்டு. சாட்சி கிடைக்காவிட்டால் என்ன செய்வோம்? நாளைக்கே ஒரு பண்டிதர் வந்து, எந்த ஆகமத்திலும் இதற்கு இடமில்லை என்று ஓலையைக் காட்டினால், அர்ஜி பாவியாகிவிடுவானா? ஓலைக்கும் கல்லுக்கும் முன்னால் தீர்ந்திருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அது கூச்சத்தைப் பற்றியது.

என் பாட்டி திண்ணையைக் கழுவிவிடுவாள். பழைய மாமல்லபுரம் சாலை ஓரம் தேன், கிழங்கு, மூலிகை விற்க வருகிற இருளர் பெண்கள் வெயிலுக்கு ஒரு நிமிடம் திண்ணையில் ஒதுங்கினால் போதும், அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிடுவாள். எலி தின்கிறவர்கள், பாம்பு பிடிக்கிறவர்கள் என்பாள். கேட்டால், "எனக்கென்னமோ உடம்பு கூசுதுடி" என்பாள். பாட்டி கொடுமைக்காரி இல்லை. அந்தப் பெண்களுக்குப் பழைய சேலை கொடுத்தவளும் அவள்தான். அவள் கூச்சத்தில் துளிப் பொய் கிடையாது. மாசி மகத்தன்று அதே இருளர்கள் நாலாபக்கத்திலிருந்தும் மாமல்லபுரம் கடற்கரையில் வந்து கூடுவார்கள். மணலிலேயே கன்னியம்மனுக்குப் படையல் போட்டு, அங்கேயே கல்யாணம், அங்கேயே குழந்தைக்குப் பெயர் வைப்பு. பௌர்ணமி நிலா, கடலில் எழுந்து வருகிற தாய். பாட்டி அந்த வழியாகத் தீர்த்தமாடப் போனவள்தான். அவர்கள் கும்பிடுகிற இடத்தைத் தள்ளி நடந்து போவாள்.

தீண்டாமை என்றால் சட்டமும் சாத்திரமும் என்று புத்தகத்தில் படிக்கிறோம். அது உடம்பில் கூச்சமாகத்தான் குடியிருந்தது. மனப்பூர்வமாக, தெய்வபக்தியோடு, சுத்தமாகக் குடியிருந்தது. கூசியது என்பதற்காக அது சரியாகிவிடவில்லை. இதை எங்கள் வகுப்பில் எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். நந்தனாரைப் படித்த அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள்.

அதனால்தான் அடுத்த ஞாயிறு, வரிசையில் வேறு நாயனார் இருந்தும், கண்ணப்பரை எடுத்தேன். எல்லோருக்கும் தெரிந்த கதை. எல்லோருக்கும் கண்தான் நினைவில் நிற்கும். நான் அன்றைக்குச் சிவகோசரியாரை மட்டும் பார்ப்போம் என்றேன்.

திருக்காளத்தி மலையில் ஆகமப்படி பூசை செய்கிற முனிவர் அவர். ஒருநாள் காலையில் வந்து பார்க்கிறார்: சன்னிதியில் வெந்த இறைச்சி, எலும்பு, நாயின் கால்தடம். பதறுகிறார், அழுகிறார், வேடர்கள்தான் இந்த அநியாயம் செய்தார்கள் என்று முறையிடுகிறார். எல்லாவற்றையும் அலகிட்டுத் தள்ளி, பொன்முகலியில் மறுபடி குளித்துவிட்டு வந்து, மறுபடி பூசை செய்கிறார். மறுநாளும் அதே கோலம். மறுநாளும். இன்னொரு பக்கம் திண்ணனார் (கண்ணப்பரின் இயற்பெயர் அதுதான்) வாயில் ஆற்றுநீரை நிரப்பிக்கொண்டு வந்து இறைவன் தலையில் உமிழ்கிறார்; தன் தலைமுடியில் செருகிவந்த பூவைச் சாத்துகிறார்; பல்லால் கடித்துப் பதம் பார்த்த இறைச்சியைப் படைக்கிறார். முனிவர் சாத்திய பூவைச் செருப்புக் காலால் தள்ளிவிடுகிறார்.

இறைவன் சிவகோசரியார் கனவில் வந்து என்ன செய்கிறார்? ஆகமம் தவறு என்று சொல்லவில்லை. நீ கூசியது தப்பு என்று கடிந்துகொள்ளவும் இல்லை. அவன் உருவம் முழுக்க நம்மேல் வைத்த அன்பு, அவன் வாய்நீர் கங்கையினும் புனிதம் என்று தனக்குத் தோன்றுவதைச் சொல்கிறார். ஆனால் சொல்லோடு விடவில்லை. சொன்னால் முனிவருக்கு விளங்காது என்று தெரிந்திருக்கிறது. நாளைக்கு நீ ஒளிந்து நின்று பார் என்கிறார். அவ்வளவுதான் கட்டளை. ஆறாம் நாள் சிவகோசரியார் மறைந்து நிற்கிறார். இறைவன் கண்ணில் குருதி. திண்ணனார் தவித்து, பச்சிலை தேடி, கடைசியில் தன் கண்ணை அம்பால் அகழ்ந்து அப்புகிறார். மற்றக் கண்ணிலும் குருதி வர, அடையாளத்துக்கு அந்தக் கண்மேல் காலை ஊன்றிக்கொண்டு தன் இன்னொரு கண்ணிலும் அம்பை வைக்கிறார். இறைவன் மூன்றுமுறை பெயர் சொல்லித் தடுத்தார் என்பது வரை உங்களுக்குத் தெரியும்.

பெரியபுராணத்தில் ஒரு பார்வையாளனுக்கு இவ்வளவு பெரிய இடம் கொடுத்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். கண்ணப்பருக்குச் சோதனை தேவையில்லை. இறைவனுக்கு அவரைத் தெரியும். கண்ணில் குருதி வடித்த அந்தக் கூத்து முழுவதும் ஒளிந்து நிற்கிற ஒருவர் பார்ப்பதற்காக நடந்தது. ஆசாரம் தெரிந்த, நல்லவரான, உண்மையாகவே கூசிய ஒருவருக்காக.

வகுப்பில் உடனே மறுப்பு வந்தது. வர வேண்டியதுதான். "அது பக்தி டீச்சர். இது காமம். ரெண்டையும் ஒரு தட்டுல வைக்கலாமா?" வைக்கவில்லை. கண்ணப்பர் செயலையும் அர்ஜியின் செயலையும் நான் ஒப்பிடவே இல்லை. சிவகோசரியாரின் கூச்சத்தையும் நம் கூச்சத்தையும்தான் பக்கத்தில் வைக்கிறேன். அவருடைய கூச்சத்துக்கு ஆகமத்தின் ஆதாரமே இருந்தது. அதற்கே, கொஞ்சம் பொறு, பார்த்துவிட்டுச் சொல் என்றார் இறைவன். ஆதாரமில்லாத நம் கூச்சத்துக்கு என்ன அவசரம்?

இன்னொருவர், "இயற்கைக்கு மாறானது இல்லையா" என்றார். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சைவம் எந்தக் காலத்தில் இயற்கையைக் கும்பிட்டது? தசையை உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கி, கயிலைக்குத் தலையால் நடந்துபோன காரைக்கால் அம்மையாரை அம்மையே என்று கூப்பிட்ட சமயம் இது. உயிருக்கு ஆண் பெண் இல்லை. உடம்பும் அதன் ஆசையும் மாயையின் விளைவு, விடியும்வரைக்கும் கையில் கொடுத்த விளக்கு என்கிறது சித்தாந்தம். அப்படிப் பார்த்தால் என் கல்யாணமும் அர்ஜியின் காதலும் ஒரே எண்ணெயில் எரிவதுதான். ஒன்றுக்கு மட்டும் தனியாக உயர்வு கிடைக்க வழியில்லை.

உண்மையிலேயே கஷ்டமான மறுப்பு எனக்குள்ளேயே இருந்தது. எல்லாக் கூச்சத்தையும் தள்ளிவிட முடியுமா? ஒரு குழந்தையை ஒருவன் துன்புறுத்துவதைக் கண்டால் உடம்பு பதறுகிறதே, அங்கேயும் பொறு, ஒளிந்து நின்று பார் என்று சொல்வேனா? மாட்டேன். அந்தப் பதற்றம் ஓடிப்போய்த் தடுக்கச் சொல்கிறது. ஏனென்றால் அங்கே ஒருவர் அடிபடுகிறார். இதைக் கொண்டுதான் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்: யார் அடிபடுகிறார்?

'ஃபன்னி பாய்' கதையில் அடிபடுகிறவர்கள் நிறையப் பேர். 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 ராணுவத்தினர் கொல்லப்பட, அதன்பின் கொழும்பில் தமிழர் வீடும் கடையும் பட்டியல் வைத்து எரிக்கப்பட்டன. நாவலில் அர்ஜியின் பாட்டியும் தாத்தாவும் காரோடு எரிக்கப்படுகிறார்கள். படத்தில் கும்பலைக் கண்டு எங்கள் பெண்கள் அழுதார்கள், பயந்தார்கள். அக்கா எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். ஆனால் எரித்தவர்களைப் பார்த்து, உடம்பு கூசுது என்று யாரும் சொல்லவில்லை. முழங்கையை யாரும் தேய்க்கவில்லை. இரண்டு பையன்கள் ஒருவரையொருவர் தொட்டபோது வந்த கூச்சம், ஒரு தெருவே ஒரு வீட்டைக் கொளுத்தியபோது வரவில்லை. இந்தக் கருவியை வைத்துக்கொண்டா பாவத்தை அளக்கப் போகிறோம்?

ஒளிந்து நின்று பார்க்கிற காரியத்தை நம் காலத்தில் செய்தவர் ஒருவர் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தில், 2021இல். ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு பெண்கள் மதுரையிலிருந்து வந்து, பெற்றோரும் போலீசும் தொந்தரவு செய்கிறார்கள் என்று பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதைப் பற்றித் தனக்கு முழுப் புரிதல் இல்லை, தன்னிடமும் முன்முடிவுகள் இருக்கின்றன என்று வெளிப்படையாகச் சொல்லி, தானே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன்பிறகுதான் ஜூன் 7ஆம் தேதி ஆணை: போலீஸ் தொந்தரவு கூடாது, 'மாற்றுகிறேன்' என்று மருத்துவம் செய்வது கூடாது என்று விரிவாக. தீர்ப்பு எழுதும் அதிகாரம் கையில் இருக்கும்போதே, முதலில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார் பாருங்கள், அதை நான் வகுப்பில் கண்ணப்பர் புராணத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னேன்.

கூட்டத்தில் அன்றைக்கு ஒன்றுமே பேசாமல் இருந்த ஒருத்தி, என் பழைய மாணவி, மறுநாள் தனியாக வந்தாள். மகனுக்கு முப்பது தாண்டிவிட்டது. கோவளத்துக்குத் தெற்கே திருவிடந்தையில் நித்யகல்யாணப் பெருமாளுக்கு மாலை சாத்தி, ஒரு மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று சுற்றினால் கல்யாணத் தடை நீங்கும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. நாளுக்கு ஒரு கன்னியாக 360 பேரை மணந்த பெருமாள். மகனை அங்கே அழைத்துப்போய்ச் சுற்றவைத்திருக்கிறாள். சுற்றிவிட்டுக் காரில் ஏறியதும் அவன் சொல்லிவிட்டான். அம்மா, எனக்குப் பெண் வேண்டாம், வேறொருவன் இருக்கிறான் என்று.

"பாவமா டீச்சர்?" என்றாள். இல்லை என்றேன். எந்த உயிருக்கும் கேடு செய்யாத அன்பைப் பாவம் என்று சொல்ல எனக்குத் தெரிந்த சைவத்தில் இடமில்லை என்றேன். அவள் அழுது முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு, எனக்குக் காரியம் யார் பண்ணுவா என்று கேட்டாள். அவன்தான் பண்ணுவான், அவன் எங்கே போய்விட்டான் என்றேன். அவளுக்கு அது தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகுதான் சொன்னாள்: ஆவணியில் ஒரு பெண்ணுக்குப் பூ வைத்தாகிவிட்டது. மகனும் அம்மாவுக்காகச் சரி என்று தலையாட்டியிருக்கிறான். எனக்கு அப்போதுதான் உடம்பு பதறியது. 'காதல் தி கோர்' என்ற மலையாளப் படத்தில் ஜோதிகா இருபது வருஷம் அப்படி ஒருவனோடு வாழ்ந்துவிட்டு விவாகரத்துக் கேட்டு நிற்பாள். எங்கள் கூடத்தில் அந்தப் படத்துக்கு யாரும் கூசவில்லை. எல்லோரும் ஜோதிகா பக்கம். அதை நினைவுபடுத்தினேன். உன் மகன் செய்யாத பாவத்தை நீ செய்யப் போகிறாய், உடனே நிறுத்து என்றேன். தலையாட்டினாள். ஆனால் மதுராந்தகத்தில் இருக்கிற அந்தப் பெண் வீட்டுக்கு என்ன சொல்வது? ஜாதகம் சரியில்லை என்று சொன்னால் அந்தப் பெண்ணுக்குத்தான் பெயர் கெடும். உண்மையைச் சொன்னால் மகன் வேலை பார்க்கிற இடம் வரைக்கும் பேச்சு போகும். நாங்கள் இரண்டு பேரும் காபி ஆறிப்போகும்வரை யோசித்தோம். தரகரிடம் அவளே போய், குறை எங்கள் வீட்டுப் பக்கம், பெண்ணைப் பற்றி ஒரு சொல் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, பூ வைத்ததற்கு அவர்கள் செய்த செலவைக் கையோடு கொடுத்துவிட்டு வருவது என்று முடிவாயிற்று. வியாழக்கிழமை நானும் கூடப் போகிறேன்.